காலிக் கட்டம்

திங்கட்கிழமைக்குள் ஏற்றிவிட வேண்டும் என்றார்கள்.
ஒன்பதாம் வகுப்பு, அறிவியல், கற்றல் விளைவு:
தரவைத் திரட்டுகிறார், பகுக்கிறார்,
சான்றோடு முடிவு சொல்கிறார்.
மூன்று வினைச்சொல், மூன்று டிக்.

மூக்கையூரில் தரவுக்கு எங்கே போவது?
கடலைத் தவிர எல்லாமே தட்டுப்பாடு.
ஆளுக்கொரு பாட்டில், அவரவர் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர்,
கரையிலிருந்து எத்தனை தப்படி என்று ஒரு துண்டுச்சீட்டு.
டிடிஎஸ் மீட்டரைப் பாட்டில் பாட்டிலாக முக்கி
முத்திருளன் எண் சொல்லச் சொல்ல நான் தட்டினேன்.
முப்பத்தெட்டு வரிசை. இருபத்தேழில் எண்.
பதினொன்றில் ஒன்றுமில்லை.

ஹைடெக் லேபில் கரண்ட் வந்த பத்தாவது நிமிஷம்
மென்பொருள் கேட்டது, தங்கமான பிள்ளை மாதிரி:
விடுபட்ட மதிப்புகளை என்ன செய்யட்டும்?
நீக்கவா?
சராசரியால் நிரப்பவா?
அப்படியே விடவா?

சாயல்குடி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.
நிரப்பு என்றேன்.

கரையை விட்டு விலக விலக உப்புக் குறைந்து
இருபத்தேழு புள்ளிகள் சரிந்து இறங்க,
மற்ற பதினொன்றும் 1842 என்ற ஒரே மட்டத்தில்
குழாயடியில் இடம் போட்ட குடங்களாக நின்றன.
பார்த்தேன்.
பார்க்காத மாதிரி சேமித்தேன்.

மறுநாள் திரையில் தன் பெயரைத் தேடி
விரலால் வரியைப் பிடித்துக்கொண்டே வந்த சகாய டிப்னா
என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்:
“டீச்சர், எங்க வீட்ல
ராத்திரியோட ராத்திரியா
கெணறு வெட்டுனது யாரு?”

வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.
அவளுக்கு உண்மையாகவே தெரிய வேண்டியிருந்தது.
அந்த எண்ணைக் காட்டி,
“இது வாயில வைக்கிற தண்ணியா?” என்றும் கேட்டாள்.

பின்வாங்கும் பொத்தானை அழுத்தினேன்.
ஒரே அழுத்தில் பதினொரு கிணறு தூர்ந்தது.

அப்புறம்தான் விசாரித்தோம்,
வெறுமை ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி.
நாலு வீட்டில் கிணறே கிடையாது.
ஏழு வீட்டில் இருக்கிறது, பலகை போட்டு மூடி.
துணி அலசக்கூட ஆகாது, சோப்பு நுரைக்காது,
அதனால்தான் பாட்டில் வரவில்லை.
முத்திருளன் கயிறோடு போய் ஏழிலும் இறைத்து வந்தான்.
ஐந்துக்கு மீட்டர் நாலாயிரத்துக்கு மேல் சொன்னது.
இரண்டுக்கு எண்ணே காட்டாமல் கோடு போட்டது.
எல்லாம் கரையோரம். எல்லாம் நான் நிரப்பிய இடம்.
இறைக்க முடிந்த கிணறுகளைக் கூட்டி வகுத்து
இறைக்க முடியாதவற்றுக்குப் புகட்டியிருக்கிறேன்.

டிப்னா புதிதாக ஒரு நெடுவரிசை சேர்த்தாள்: எங்கிருந்து.
தள்ளுவண்டி, எட்டுக் குடம், பெரியம்மா வீடு.
லாரி, குடம் பத்து ரூபாய்.
லாரி, கடன்.
“கடனை எப்படி எண்ணாப் போடுறது?” என்றான் முத்திருளன்.
மென்பொருளுக்கும் தெரியவில்லை;
அந்தக் கட்டத்தைச் சிவப்பாக்கிவிட்டு நின்றது.

என் வரிசையையும் கேட்டாள்.
பரமக்குடியிலிருந்து நான் கொண்டுவரும்
கேன் தண்ணீர் பாட்டிலில் மீட்டரை இறக்கினாள்.
48.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
எழுதிக்கொண்டாள்.

திங்கள் போய்ப் புதனும் வந்தது.
வட்டார அலுவலகப் பட்டியலில் என் பெயருக்கு எதிரே
இன்னும் ஒரு காலிக் கட்டம்.
அதை யார் எதனால் நிரப்புவார்களோ.

சனிக்கிழமை காலை, கோயிலுக்குப் பின்னால் லாரி நின்றதும்
குடங்களுக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் டம்ளர் நீண்டது.
சீனி உசேன் குழாயைப் பாதி திறந்து பிடித்தார்.
பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள்.
“என்னம்மா சொல்லுது உன் மிசினு?
நம்ம தண்ணி நல்லதா, கெட்டதா?”

எண் ஓடி நிற்கும்வரை
டம்ளரை விட்டுக் கண்ணெடுக்கவில்லை டிப்னா.

“மூணு தடவ பாக்கணும்ணே.
பாத்துட்டுச் சொல்றேன்.”